தானே வைத்துக்கொண்ட பேர்

போன மாதம் பெங்களூரிலிருந்து என் தம்பி பிரபு வந்திருந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? என் வீட்டு மாடியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நிறுத்திவிட்டுப் போனான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது – அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு யாரும் போன் செய்யாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்தவர்கள் இரண்டு பாரா தாண்டிப் போய்விடலாம். தெரியாதவர்களுக்கு...

ஆங்கிலத்தில் ரோல்பிளே கேம் என்கிறார்கள். நாங்கள் ‘கதையாட்டம்’ என்கிறோம். ஒரு மேஜை, சுற்றி நாலு பேர். அதில் ஒருவர் கதை சொல்பவர் – அது நான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். ‘எதிரே ஆறு. பாலம் பாதி உடைந்து கிடக்கிறது. என்ன செய்கிறீர்கள்?’ என்று நான் கேட்பேன். தாண்டுவதா, சுற்றிப் போவதா, பாலத்தை உடைத்தவனைத் தேடுவதா... அவரவர் இஷ்டம். நினைத்தது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள டைஸை உருட்டிப் பார்ப்போம். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் வேறு ஏதாவது நடக்கும். ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. பந்தயம் கிடையாது. டைஸ் சத்தம் கேட்டு ‘மாடியில சூதாட்டமா நடக்குது?’ என்று விசாரிக்க வந்த எதிர்வீட்டு அம்மாள், இப்போது ‘அந்தப் பொண்ணு பாலத்தத் தாண்டிட்டாளா?’ என்று விசாரிக்கிறார்.

எங்கள் கதை நடப்பது கல்வராயன் மலையில். என்றோ ஒரு காலத்துக் கல்வராயன் மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய கோட்டை, நெருப்பு கக்கும் பூதம் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்குக் கடுக்காய் மரம் இருக்கிறது, அருவி இருக்கிறது, சாமைக் கொல்லை இருக்கிறது, மேகம் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத சாலை இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

சரி, ஆட்களைச் சொல்கிறேன். மூன்றே பேர்தான்.

ஸ்டெல்லா, களமருதூர்ப் பெண். கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலையில் மாதா கோயில் பூசை முடித்துவிட்டு, மதியம் எங்கள் மாடிக்கு வந்து திருடியாக மாறிவிடுவாள். மரகதம் என்று பேர். ‘வைத்தியச்சியாக ஆடேன், உனக்குப் பொருத்தமாக இருக்கும்’ என்று ஆரம்பத்தில் சொன்னேன். ‘வாரம் பூரா ஊசி போடறேன்க்கா, இங்கியும் வந்து ஊசி போடணுமா?’ என்றாள். குரலை மாற்றிப் பேசுவாள், அழுவாள், யாரையாவது ஏமாற்றிவிட்டு கண்ணைச் சிமிட்டுவாள். நிஜத்தில் பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கக் கூச்சப்படுகிற பெண்.

குமரேசன், மூங்கில்துறைப்பட்டுக்காரர். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அவர் பாத்திரத்துக்கு இரும்பன் என்று பேர். கையில் ஒரு உலக்கை. கதவு பூட்டியிருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உடைத்திருப்பார். பேச்சுவார்த்தை என்றாலே கொட்டாவி வரும் அவருக்கு.

மூன்றாவது ஆள் சேகர். கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயி. டவுன் பஸ்ஸில் வருவார். வேங்கையன் என்பது அவர் பாத்திரம் – மலைக்கு வழிகாட்டி. சேகருடைய ஆட்டம் கேள்விகளால் ஆனது. ‘காத்து எந்தப் பக்கம் அடிக்குது? மண்ணு ஈரமா, காஞ்சிருக்குதா? திரும்பி வர வழி இன்னா?’ எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ஒரு காலடி. அந்த ஒரு காலடி தப்பாகப் போய் நான் பார்த்ததில்லை.

இப்படி மூன்று பேர், மூன்று விதம். சண்டை வராதா என்று கேட்பீர்கள். வரும். ‘யண்ணே, பொழுது சாஞ்சிடப் போவுது, உள்ள போலாம்ணே’ என்று குமரேசன் கெஞ்சுவார். ‘பொறுப்பா’ என்பார் சேகர். ஸ்டெல்லா நடுவில் யார் பையிலிருந்தாவது எதையாவது எடுத்துவிடுவாள். கதை நகரும். கள்ளக்குறிச்சியில், ஒரு அரிசி மண்டிக்கு மேலே, இப்படி ஒரு மேஜை இருக்கிறது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் தலைக்கனம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த மேஜைக்குத்தான் தம்பி விருந்தாளியாக வந்து உட்கார்ந்தான். முதன்முதலில் இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அதனால் உரிமை கொஞ்சம் ஜாஸ்தி.

அன்று கதையில் எங்கள் ஆட்கள் அருவிக்குப் பின்னால் ஒரு குகை வாசலில் நின்றார்கள். மலைக்கிராமத்தின் ஊற்றுத் தண்ணீர் திடீரென்று நின்றுவிட்டது; காரணம் குகைக்குள் இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் கிணறு மாதிரி நேராகக் கீழே இறங்கும் குகை அது. குமரேசன் அப்போதே உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டார். சேகர் கேட்க ஆரம்பித்தார். வாசலில் வௌவால் இருக்கிறதா? இல்லை என்றேன். எச்சமாவது கிடக்கிறதா? இல்லை. பூச்சி, பொட்டு? அதுவும் இல்லை. பிரபு நாற்காலியில் நெளிந்தான். கடைசியில் சேகர், ‘வெளக்க ஏத்தி கயித்துல கட்டி உள்ள வுடறேன்க்கா’ என்றார். பாழுங்கிணற்றில் இறங்குமுன் நம் பக்கத்து ஆட்கள் செய்வதுதான். நான் சொன்னேன்: ‘பாதி தூரத்தில் விளக்கு அணைந்துவிட்டது.’

உள்ளே விஷக்காற்று. குதித்திருந்தால் இரும்பன் அங்கேயே போயிருப்பான். அந்த இடத்தில் அன்றைய ஆட்டத்தை நிறுத்தினேன். டீ வந்தது. பிரபுவும் ஆரம்பித்தான்.

மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டான். ‘ப்ளேயர்ஸ்ல பல டைப் இருக்காங்க. குமரேசன் ஃபைட்டர் டைப். ஸ்டெல்லா ஆக்டர் டைப். சேகர் அண்ணன்... இவரு சந்தேகமே இல்லாம ரூல்ஸ் லாயர். ஒவ்வொரு டேபிள்லயும் ஒரு லாயர் இருப்பாரு. குறுக்கு விசாரணை பண்ணியே ஆட்டத்த ஸ்லோ பண்ணிடுவாரு.’

‘லாயருன்னா வக்கீலு தான?’ என்று குமரேசன் கேட்டார். கேட்டுவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். ‘கரெக்டுங்க. வக்கீலண்ணன்.’

சேகரும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அந்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போன் செய்தேன். ‘கரும்புக்குத் தண்ணி கட்டணும்க்கா.’ அதற்கடுத்த ஞாயிறும் தண்ணி கட்டினார். நான் அரிசி மண்டிக்காரர் பெண்டாட்டி. எந்த ஊருக்கு எந்த நேரத்தில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் என்பது மண்டிக்கு வருகிற ஆட்களின் புலம்பலிலேயே தெரிந்துவிடும். ஞாயிறு மூன்று மணிக்குக் கச்சிராயபாளையத்தில் எந்த மோட்டாரும் ஓடாது.

இரண்டு வாரமாக மூன்று பேரும் குகை வாசலிலேயே நிற்கிறார்கள். அவர் இல்லாமல் நகர்த்த எனக்கு மனசில்லை. வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு குமரேசன்தான் பேச்சை எடுத்தார்.

‘புதன்கிழம பார்த்தேன்க்கா அவர. எம் மாமியார் வூடு அங்கதான? டீக்கடையில நின்னுக்கினு இருந்தாரு. வாங்க வக்கீலண்ணேன்னு கூப்ட்டேன். கடையே சிரிச்சிது. ஒரு பெரியவரு, வாய்தா வூட்டுல வக்கீலு பொறந்துட்டாராடான்னாரு. அதுக்கு இன்னும் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. இவரு டீய வெச்சிட்டு பூட்டாரு.’

எனக்குப் புரிந்துவிட்டது. வாய்தா என்பது அவர் வீட்டுப் பட்டப்பேர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண் உதவாது. ‘முருகன் வூடு எது?’ என்று கேட்டால், ‘எந்த முருகன்? பஞ்சர் முருகனா, மோட்டார் முருகனா, ஓமப்பொடி முருகனா?’ என்பார்கள். ஓமப்பொடி முருகன் என்ன செய்தார்? யார் கல்யாணத்திலோ இரண்டாவது முறை ஓமப்பொடி கேட்டார். அவ்வளவுதான். இன்று அவர் பேரப்பிள்ளைகள் ஓமப்பொடி வூட்டுப் பிள்ளைகள். பட்டப்பேர் என்பது சொத்து மாதிரி – பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கவும் முடியாது. உங்கள் பத்தி எழுத்தாளருக்கும் ஒன்று உண்டு. சொல்ல மாட்டேன்.

அன்று மாலையே சேகருக்குப் போன் செய்தேன். தண்ணீர் பற்றி நான் கேட்கவில்லை. ‘வராதது அந்த வார்த்தையாலயா?’ என்றேன்.  மறைக்காமல் சொன்னார்.

‘எங்க அப்பாரு ஒரு வரப்புக்காக கோர்ட்டுக்கு நடந்தாருக்கா. வாய்தா, வாய்தான்னு வருசமெல்லாம் ஓடிச்சி. வரப்பும் கெடைக்கல. பேரு மட்டும் கெடச்சிது. வாய்தா வூடு. பள்ளிக்கூடத்துல நானு வாய்தா. பொண்ணு பாக்கப் போன எடத்துல, வாய்தா மவனான்னு கேட்டாங்க. இப்பத்தான் நாலஞ்சி வருசமா கொஞ்சம் மறந்திருந்தாங்க.’

நிறுத்தினார். ‘நானு கேள்வி ஜாஸ்தி கேக்கறேன்னா, கேக்காம கையெழுத்துப் போட்டுட்டு எங்க அப்பாரு பட்டது தெரியும்க்கா எனக்கு. அத வுடுங்க. உங்க மாடியில வேங்கையன்னு கூப்பிடறீங்கள்ல... அது ஒண்ணுதான் நானா வெச்சிக்கின பேரு. அங்கியும் வந்து வக்கீலுன்னா, நானு இன்னாத்துக்கு பஸ் ஏறி வரணும்?’

 சரி என்று போனை வைத்துவிட்டேன்.

பிரபுவைப் போனில் கூப்பிட்டேன். நான் கோபப்படுவேன் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். ‘அக்கா, அது திட்டு இல்லக்கா. உலகம் பூரா யூஸ் பண்ற வார்த்தை. நான் வேணும்னா சேகர் அண்ணனுக்கு ஒரு வீடியோ அனுப்பறேன். எத்தனை டைப் இருக்குன்னு பார்த்தா அவரே புரிஞ்சிப்பார்’ என்றான். வீடியோ அனுப்பினால் பெங்களூருக்கு வந்து உதைப்பேன் என்றேன். பாவம், அவனும் என்ன செய்வான்? அவன் ஆடுகிற மேஜையில் ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு கேப் பிடித்துப் போய்விடுகிறார்கள். அங்கே சொன்ன வார்த்தை மேஜையோடு போய்விடும். இங்கே வார்த்தைகளும் டவுன் பஸ் ஏறி ஊருக்குப் போகின்றன.

மற்ற இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது குமரேசன், அந்தப் பெரிய ஆள், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘எனக்குத் தெரியாம பூடுச்சேக்கா. போயி டீக்கடையிலயே மன்னிப்பு கேட்டுடறேன். காலுல வுழச் சொன்னாலும் வுழறேன்.’

வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்டால் என்ன ஆகும்? ஏன், எதற்கு என்று பத்து பேர் கேட்பார்கள். வரப்பு, கோர்ட்டு, வாய்தா... எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒட்டிய பேர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

 ஸ்டெல்லா டைஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். ‘வார்டுல நாங்க கேஸ் பேரச் சொல்லித்தான் கூப்புடுவோம்க்கா. அப்பெண்டிக்ஸ், ஃப்ராக்சர்னு. ஒருநாளு ஒருத்தர், எனக்கு வந்தது மஞ்சக்காமாலம்மா, நானு மஞ்சக்காமால இல்லன்னாரு. அன்னியிலருந்து அவரு பேரச் சொல்லித்தான் கூப்ட்டேன். மத்த சிஸ்டருங்களும் அப்புறம் அப்பிடியே கூப்ட்டாங்க.’

குமரேசன் அவளையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ‘வாங்க, போலாம்’ என்றார். கதவை உடைக்கிற அதே அவசரம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் கச்சிராயபாளையம் பஸ் ஏறினோம். திட்டம் எதுவும் கிடையாது. திட்டம் போடுகிற ஆள்தான் எங்களோடு இல்லையே. மாலை டீக்கு சேகர் கடைக்கு வருவார் என்பது குமரேசனுக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்வராயன் மலை அங்கிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல நின்றது.

சேகர் வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கடையிலிருந்து ஒரு குரல் – பச்சைத் துண்டு போட்ட பெரியவர் – ‘வக்கீலு வர்றாருப்பா, எடம் வுடுங்க’ என்றது. வாய்தா கதையை எடுத்துவிட்ட அதே பெரியவர்தான் அவர் என்று குமரேசன் என் காதில் சொன்னார்.

சொல்லிவிட்டு எழுந்தார். ‘வாங்க வேங்கையண்ணே’ என்றார். மில் சங்கு மாதிரி குரல் அவருக்கு.

‘அது இன்னாப்பா புதுப் பேரு?’ பச்சைத் துண்டுக்காரர் கேட்டார்.

‘புதுசா? பழம்பேருங்க. உங்களுக்குத்தான் தெரியல. இவரு மட்டும் இல்லன்னா நானு இன்னிக்கி செத்து, பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சிருக்கும்.’

கடை திரும்பியது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். குமரேசன் சொல்ல ஆரம்பித்தார். பேச்சு என்றால் கொட்டாவி விடுகிற மனிதர்... என்னமாய்ச் சொன்னார். அருவி, அதன் பின்னால் குகை, உலக்கையைத் தூக்கிக்கொண்டு தான் குதிக்கப் போனது, வேங்கையன் கையைப் பிடித்து நிறுத்தியது. ‘வௌவாலு இல்ல பாரு, எச்சம் இல்ல பாரு, ஒரு பூச்சி கூட இல்ல பாருங்கறாரு. எனக்கா கோவம். இன்னாண்ணே, சும்மா கேள்வி கேட்டுக்கினு இருக்கீங்கன்னேன். மனுசன் அசையல. வெளக்க ஏத்தி, கயித்துல கட்டி உள்ள வுட்டாரு. பாதியில பொசுக்குனு அணைஞ்சிது.’

‘விசக்காத்து’ என்றார் பச்சைத் துண்டுக்காரர். பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தார். ‘மலையில எந்தப் பக்கம் இது?’

‘வெள்ளிமலைக்கு அந்தாண்ட.’

‘நெசமாவா?’

‘கதைதாங்க. கதையாட்டம். ஆனா செத்துப் பொழச்சது நானு.’

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. ‘வெளக்கு அணைஞ்சிது, சரி. அப்பறம் இன்னா பண்ணீங்க?’ என்று கேட்டார்.

‘அத அவருதான் சொல்லணும்’ என்றார் குமரேசன். ‘மூணு வாரமா அங்கியே நின்னுக்கினு இருக்கோம்.’

எல்லாரும் சேகரைப் பார்த்தார்கள். அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. மாடியில் பேசுகிற அதே குரலில் சொன்னேன்: ‘விளக்கு அணைந்துவிட்டது. வேங்கையன் கையில் கயிறு கனக்கிறது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்ன செய்கிறீர்கள்?’

சேகர் பெஞ்சில் உட்கார்ந்தார். மலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்.

‘பக்கத்துல இன்னா மரம் இருக்குது?’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைத் தவிர யார் இதைக் கேட்பார்கள்? ‘புங்க மரம்’ என்றேன்.

‘நாலு கெளைய தழையோட ஒடிச்சி, ஒண்ணா கட்டி, கயித்துல எறக்கி மேலயும் கீழயும் இழுப்பேன். கெட்ட காத்து கலைஞ்சி மேல வந்துடும்.’

‘அப்பிடித்தான் செய்யணும்’ என்று ஒருவர் ஆமோதித்தார். கைப்பையிலிருந்து டைஸை எடுத்துக் கொடுத்தேன். பெஞ்சில் உருண்டது. ஏழு.

கம்மி. நான் பொய் சொல்ல மாட்டேன். யாருக்காகவும் எண்ணை மாற்ற மாட்டேன். ‘பாறையில் உரசிக் கயிறு அறுகிறது. நின்ற விளிம்பு சரிகிறது. வேங்கையன் உள்ளே விழுகிறான்.’

கடை முழுக்க ஒரு ‘த்சொ’. ‘அடப்பாவமே, பூட்டாரா?’

‘எங்க பூடுவாரு?’ குமரேசன் சட்டைக் கையை மடித்தார். ‘இரும்பன் மூச்ச அடக்கிக்கினு குதிக்கிறான்.’

‘கயிறு?’ என்றார் யாரோ.

ஸ்டெல்லா தொண்டையைச் செருமினாள். அத்தனை ஆண்கள் நடுவில், என் தோளுக்குப் பின்னால் ஒண்டி உட்கார்ந்திருந்த பெண், மரகதத்தின் குரலில் பேசினாள்: ‘போன சந்தையில அந்த வியாபாரிகிட்டருந்து ஒரு கயிறு எடுத்தேனே... எடுத்தேன்னுதான் சொன்னேன், கேட்டேன்னு சொல்லல. எம் பையிலதான் இருக்குது.’ டீ மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குமரேசன் டைஸை எடுத்தார். உருட்டவில்லை. பச்சைத் துண்டுக்காரரிடம் நீட்டினார். ‘பெரியவரே, உங்க கையால உருட்டுங்க. பத்துக்கு மேல வுழணும்.’

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். மலைப்பக்கம் திரும்பி எந்தச் சாமியை வேண்டிக்கொண்டாரோ தெரியாது. உருட்டினார். எண் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

‘பொழச்சிக்கினாரா வேங்கையன்?’

‘பிழைத்துக்கொண்டார்’ என்றேன்.

பஸ்ஸுக்கு வழியனுப்ப சேகர் எங்களோடு நடந்து வந்தார். குமரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சேகர் அவர் தோளில் கையை வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து, ‘அடுத்த ஞாயிறு தண்ணி கட்ற வேல இல்லக்கா’ என்றார்.

அதன்பின் எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யார் ஆடுகிற விதத்தைப் பற்றியும் யாரும் பேசலாம். ‘இந்த இடம் இழுக்குது’, ‘இந்தப் பேச்சு போதும்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால், அந்த ஆட்டம் உன்னை எப்போது காப்பாற்றியது என்று ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆளுக்கு லேபிள் ஒட்டக் கூடாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள் – சேகரே போன வாரம், ‘குமரேசன் குதிச்சாருன்னுதான் நானு இருக்கேன். ஆனா எல்லாக் கதவையும் ஒடைக்க வாணாம்ப்பா’ என்றார். குமரேசன் யோசித்துவிட்டு, ஒரு கதவைத் தட்டினார். முதன்முறையாக.

பிரபுவிடம் சொன்னேன். அவன் மேஜையிலும் இதைச் செய்து பார்த்தார்களாம். ‘ஆட்டம் முடிஞ்சும் ஒருத்தரும் கிளம்பலக்கா, பேசிட்டே இருந்தாங்க’ என்றான். பெங்களூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த விளையாட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போயிருக்கிறது. நான் இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உங்களிடமும் சொல்லியாயிற்று.

வாய்தா என்ற பேர் செத்துவிட்டதா? அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது. எங்கள் ஊர் ஞாபகசக்தி உங்களுக்குத் தெரியாது. ஆனால் சென்ற ஞாயிறு காலை ஒரு கல்யாணத்துக்குக் கச்சிராயபாளையம் போய்விட்டு, மதிய டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட்டம். படியில் சேகர். கண்டக்டர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: ‘வேங்கையண்ணே, படியில நிக்காதீங்க, உள்ள வாங்க. கொஞ்சம் வழி வுடுங்கப்பா, வேங்கையன் வரட்டும்.’

பஸ் வழி விட்டது. சேகர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறந்ததிலிருந்து அதுதான் பேர் என்பதுபோல உள்ளே வந்து, என் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

எனக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு என்றேனே... அதைத் தொலைக்க ஒரு நல்ல குகையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.